கூடாரம் போட முன்பதிவு தேவையா? காஹாங் பக்கம் போவோர் கவனத்திற்கு

காஹாங் - பள்ளி விடுமுறை வந்தால் கூடாரம், பாய், கேஸ் அடுப்பு சகிதம் ஆற்றங்கரைக்குக் கிளம்பும் நம் குடும்பங்கள் பெருகிவிட்டன. சிலர் முன்கூட்டியே பதிவு செய்கிறார்கள். "போய்ப் பார்ப்போம், இடமா இருக்காது?" என்று புறப்படுவோரும் உண்டு. எது சரி என்பது போகும் இடத்தைப் பொறுத்தது.

எண்டாவ் ரொம்பின்: பதிவின்றிப் போக வேண்டாம்

குளுவாங் - மெர்சிங் சாலையில் உள்ள காஹாங், எண்டாவ் ரொம்பின் தேசியப் பூங்காவின் ஜோகூர் பகுதிக்கு வாசல். இங்கிருந்து பூங்கா நுழைவாயில் அமைந்துள்ள கம்போங் பெத்தாவுக்கு 56 கிலோமீட்டர். பெரும்பகுதி செம்பனைத் தோட்டங்களையும் காட்டையும் கடக்கும் மண்பாதை. நான்கு சக்கர இயக்க வாகனம் வேண்டும்.

ஜோகூர் தேசியப் பூங்காக் கழகத்தின் அனுமதியும் வழிகாட்டியும் இல்லாமல் காட்டுக்குள் செல்ல முடியாது. வழிகாட்டிகளில் பலர் கம்போங் பெத்தாவின் ஜாக்குன் பூர்வகுடியினர். கோலா ஜாசின், பத்து ஹம்பார் போன்ற முகாம் தளங்களில் தங்குவதற்கும் இந்த ஏற்பாடு முன்பே முடிந்திருக்க வேண்டும். வடகிழக்குப் பருவமழைக் காலத்தில் பூங்கா மூடப்படும். தீபாவளி விடுமுறையோடு சேர்த்துத் திட்டமிடுவோர் தேதியை முதலில் கேட்டறிவது நல்லது.

குளுவாங் வட்டாரத்தின் குனோங் பெலுமுட் மலையில் ஏறவும் வனத்துறையின் அனுமதி தேவை.

தனியார் தளங்கள்

ஆற்றோரத் தனியார் தளங்களில் வார நாட்களில் நேரில் போனாலும் பெரும்பாலும் இடம் கிடைக்கும். நீண்ட விடுமுறையில் அது சிரமம். பதிவின்றிப் போனால் நண்பகலுக்குள் போய்ச் சேருங்கள். மாற்று இடம் ஒன்றையும் மனத்தில் வைத்திருங்கள். இருட்டிய பிறகு இடம் தேடுபவர்தான் ஆபத்தான மேட்டடியிலோ ஆற்று மணலிலோ கூடாரம் அடிக்கிறார். தோட்ட நிலமாக இருந்தால் நிர்வாகத்தின் அனுமதி கேளுங்கள்.

பத்தாங்காலி தந்த பாடம்

2022 டிசம்பர் 16 அதிகாலை, சிலாங்கூர் பத்தாங்காலியில் முகாம் தளம் ஒன்றின் மீது மண் சரிந்து 31 பேர் உயிரிழந்தனர். அந்தத் தளத்திற்கு முகாம் நடத்தும் உரிமம் இல்லை. உள்ளே எத்தனை பேர் இருந்தனர் என்ற எண்ணிக்கையும் அன்று மாறிக்கொண்டே இருந்தது. இடம் பிடிப்பதற்கு மட்டுமல்ல, ஆபத்து நேர்ந்தால் யாரைத் தேட வேண்டும் என்று மீட்புப் படையினர் அறியவும் பெயர்ப் பதிவு உதவும்.

ஆகவே, பணம் கட்டும் முன் மூன்று கேள்விகள் கேளுங்கள்:

* உள்ளூராட்சி மன்றத்தின் உரிமம் உண்டா?
* கூடாரம் போடும் இடம் சரிவுக்கும் ஆற்றுக்கும் எவ்வளவு தூரம்?
* வருவோர் அனைவரின் பெயரும், குழந்தைகள் உட்பட, எழுதப்படுகிறதா?

ஆற்று நீர் திடீரெனக் கலங்கினாலோ, இலையும் சுள்ளியும் மிதந்து வந்தாலோ, மேல்பக்கம் இரைச்சல் கேட்டாலோ, சாமான்களை விட்டுவிட்டு உடனே மேட்டுக்கு ஏறுங்கள். உங்கள் தலைக்கு மேல் மழை இல்லாவிட்டாலும் மலையில் பெய்த மழை வெள்ளமாக இறங்கலாம்.

காட்டுக்குள் பல இடங்களில் கைப்பேசி அலைவரிசை கிடைக்காது. எங்கே தங்குகிறீர்கள், எத்தனை பேர், எப்போது திரும்புவீர்கள் என்பதைப் புறப்படும் முன் வீட்டில் ஒருவரிடம் எழுதிக் கொடுத்துவிட்டுச் செல்லுங்கள்.