வரப்பை வெட்டுங்க 'பாஸ்'!

வயல்ல வரப்பு எதுக்கு? நடந்து போக. அதுக்காக மாட்டு வண்டி போற அகலத்துக்கா விடுவோம்? எங்க நன்னிலம் பக்கம் நடவுக்கு முன்னாடி மண்வெட்டியோட இறங்கி, வரப்போட ஓரத்தைச் சீவி விடுவாங்க. 'அண்டை வெட்டுறது'ன்னு பேர். மிச்சமாகிற ஒரு சாண் இடமும் நாத்துக்குத்தான்! உங்க லேப்டாப் ஸ்கிரீனுக்கு என்னிக்காவது அண்டை வெட்டியிருக்கீங்களா?

என்கிட்ட இருக்கிறது அக்காவோட லேப்டாப். 2011 செப்டம்பர்ல தமிழக அரசு ஆரம்பிச்ச இலவச லேப்டாப் திட்டத்துல, ப்ளஸ் டூ முடிச்சப்போ அவளுக்குக் கிடைச்சது. விண்டோஸ் கூடவே 'பாஸ்' லினக்ஸும் இருந்துச்சு. 2007-ல் சி-டாக் கொண்டுவந்த நம்ம ஊர் லினக்ஸ் அது. இப்போ அதே மெஷின்ல டெபியன், எக்ஸ்.எஃப்.சி.இ. டெஸ்க்டாப்னு ஓட்டுறேன்.

மெஷின் நல்லாத்தான் இருக்கு. ஸ்கிரீன்தான் 1366-க்கு 768. புராஜெக்ட் கோடிங்கைத் திறந்தா, பாதி ஃபங்ஷன்தான் தெரியும். நான் புலம்புறதைக் கேட்டு, "செயினை வெச்சு புதுசு வாங்கிக்க"ன்னாங்க அம்மா. போன சம்பாவுக்கு வெச்ச வளையலையே இன்னும் மீட்கலை!

ராத்திரி தூக்கம் வரலை. ஒரு ஸ்கிரீன்ஷாட் எடுத்து அளந்து பார்த்தேன். மேல் பேனல், கீழ் பேனல், டைட்டில் பார், மெனு, டூல்பார், டேப்... இதுங்க மட்டும் 200 பிக்ஸலுக்கு மேல. 768-ல் கால்வாசிக்கும் மேல வரப்பு!

அகலம் தாராளமா இருக்கு; பஞ்சம் உயரத்துலதான். இது புரிஞ்சா பாதி வேலை முடிஞ்சுது. நெட்புக் காலத்துல, 2010-ல் வந்த உபுண்டுவோட 'யூனிட்டி' ஐகான் பட்டையை இடது ஓரத்துல நிறுத்தினதும் இதுக்காகத்தான். யூனிட்டி போயிடுச்சு. ஆனா உபுண்டுல அந்தப் பட்டை இன்னும் இடது பக்கம்தான்.

வாங்க, மண்வெட்டியை எடுப்போம்...

* கீழ் பேனலைத் தூக்குங்க. மேல் பேனலோட செட்டிங்ஸ்ல 'டெஸ்க்பார்' மோடு கொடுத்து, இடது ஓரத்துக்கு நகர்த்துங்க.

* 'விண்டோ மேனேஜர் ட்வீக்ஸ்' போய், பெருசாக்கின விண்டோவுக்கு டைட்டில் பாரை மறைக்கிற ஆப்ஷனை டிக் பண்ணுங்க. மூடுறதுக்கு ஆல்ட் + எஃப்4 இருக்கே!

* பிரவுஸர்ல எஃப்11 தட்டினா முழு ஸ்கிரீனும் பக்கத்துக்கே.

* எல்லாத்தையும் ஒரே ஸ்கிரீன்ல குவிக்காதீங்க. கோடிங் ஒரு வொர்க்ஸ்பேஸ், நோட்ஸ் இன்னொண்ணு. கன்ட்ரோல் + ஆல்ட் + அம்புக்குறி அடிச்சா அடுத்த வயலுக்குத் தாவிடலாம்.

* 'ஓ.கே.' பட்டன் ஸ்கிரீனுக்குக் கீழே ஒளிஞ்சிருக்கா? ஆல்ட் கீயை அழுத்திக்கிட்டே விண்டோவை மவுஸால மேல இழுங்க. க்னோம் டெஸ்க்டாப்னா ஆல்ட்டுக்குப் பதிலா விண்டோஸ் கீ.

ஒரே எச்சரிக்கை: இடம் கிடைக்குதேன்னு எழுத்தை ரொம்பச் சுருக்காதீங்க. இங்கிலீஷ் தாக்குப்பிடிக்கும். தமிழ்ல முதல்ல புள்ளி காணாமப் போகும்; அப்புறம் உங்க கண்ணு!

பேட்டரி செத்துட்டாலோ ராம் பத்தலைன்னாலோ இந்த வைத்தியம் வேலைக்கு ஆகாது. ஸ்கிரீன் மட்டும்தான் பிரச்னைன்னா, கடைக்கு ஓடுறதுக்கு முன்னாடி ஒரு அரை மணி நேரம் உட்காருங்க.

இப்போ என் ஃபங்ஷன் முழுசாத் தெரியுது. அதுல இருக்கிற தப்பும்தான்! அம்மா செயின் மட்டும் அம்மா கழுத்துலயே இருக்கு.