ஓப்பின் பேப்பரில் கைமாறும் வாகனங்கள்

மண்கும்பானிலோ புங்குடுதீவிலோ இருப்பவர் பாவித்த கார் ஒன்றை வாங்க நினைத்தால், பண்ணைப் பாலம் தாண்டி யாழ்ப்பாணத்துக்குத்தான் பெரும்பாலும் போகவேண்டும். அங்கே ஒரு விற்பனை நிலையத்திலோ புறோக்கர் மூலமாகவோ விலை பேசி முடிந்ததும் கைக்கு வருவது பல வேளைகளில் ‘ஓப்பின் பேப்பர்’. வாகனப் பதிவுப் புத்தகத்தில் பெயருள்ள பழைய உரிமையாளர் உரிமை மாற்றப் படிவத்தில் கையொப்பமிட்டிருப்பார். வாங்குபவரின் பெயரும் திகதியும் எழுதவேண்டிய இடங்கள் வெறுமையாகக் கிடக்கும். அதே தாள் மூன்று, நான்கு பேரின் கை மாறும். ஒவ்வொருவரும் தன் இலாபத்தை எடுத்துக்கொள்வார், ஒருவர் பெயரும் பதிவில் ஏறாது. இந்த வாகனம் யாரையாவது மோதிவிட்டு ஓடினால், இலக்கத்தகட்டை வைத்துப் பொலிஸ் தேடிப் போவது எப்போதோ விற்றுவிட்டு மறந்திருந்த அந்த முதல் ஆளின் வீட்டுக்குத்தான்.

சட்டம் இல்லாமல் இல்லை. 1951ஆம் ஆண்டின் மோட்டார் வாகனச் சட்டப்படி, வாகனம் கைமாறினால் 14 நாட்களுக்குள் மோட்டார் போக்குவரத்து ஆணையாளருக்கு அறிவிக்கவேண்டும். 1896ஆம் ஆண்டின் பொருள் விற்பனைக் கட்டளைச் சட்டம், வியாபாரி விற்கும் பொருள் விற்பனைக்கு உகந்த தரத்தில் இருக்கவேண்டும் என்கிறது. ஆனால் வாங்குபவர் பார்த்துச் சோதித்து வாங்கியிருந்தால், அந்தச் சோதனையில் தெரிந்திருக்கவேண்டிய குறைகளுக்கு அது பாதுகாப்புத் தராது. 2003ஆம் ஆண்டின் நுகர்வோர் அலுவல்கள் அதிகார சபைச் சட்டம் பொய்யான விபரம் சொல்லி விற்பதைத் தடுக்கிறது. முறைப்பாட்டை மூன்று மாதத்துக்குள் எழுத்தில் கொடுக்கவேண்டும். ஆனால் ஓடிய தூரம் காட்டும் மீற்றர் குறைக்கப்பட்டிருப்பது பலருக்கு அதற்குப் பிறகுதான் தெரியவரும். இவை எல்லாம் பதிவு பெற்ற உரிமையாளரையும், ‘இவர்தான் எனக்கு விற்றார்’ என்று நிரூபிக்கக்கூடிய வியாபாரியையும்தான் பிடிக்கும். நடுவில் நின்று விற்பவர் தாளில் இல்லாதவரை மூன்று சட்டமும் அவரைச் சுற்றிக்கொண்டு போய்விடும். ஆகவே திருத்தவேண்டிய இடம் வாகனத்தின் பதிவு அல்ல, வியாபாரியின் பதிவு என்பதே என் வாதம்.

‘வாங்குபவர் மெக்கானிக்கைக் கூட்டிக்கொண்டு போகட்டுமே’ என்பார்கள். போகட்டும், நல்லதுதான். ஆனால் உப்புக்காற்றில் நின்ற வாகனத்தின் அடித்தகடு எவ்வளவு துருப்பிடித்திருக்கிறது என்பது புதுப் பெயின்ற் அடித்த பிறகு மெக்கானிக்குக்கும் இலேசில் தெரியாது, பூசியவருக்குத் தெரியும். ஒருவருக்குத் தெரிந்தது மற்றவருக்குத் தெரியாத சந்தையில் நல்ல வாகனக்காரர் உரிய விலை கிடைக்காமல் ஒதுங்கிவிடுவார், கழிவுகளே மிஞ்சும் என்று பொருளியலாளர் ஜோர்ஜ் அக்கர்லோவ் 1970இல் பழைய கார்ச் சந்தையை வைத்தே காட்டினார். 2001இல் நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டார். எங்கள் சந்தையில் இறக்குமதித் தடையும் சேர்ந்துகொண்டது. இலங்கையில் 2020 மார்ச்சில் நிறுத்தப்பட்ட வாகன இறக்குமதி, தனியார் கார்களுக்கு 2025 பெப்ரவரியில்தான் மீண்டும் திறந்தது. இடையில் பழைய வாகனத்துக்கு ஏறிய விலை எல்லோருக்கும் நினைவிருக்கும். அந்த விலை கொடுத்தவர்களுக்குக் கூடுதலாக ஓர் உத்தரவாதமும் கிடைக்கவில்லை.

வழி எட்டாத தூரத்தில் இல்லை. இந்தியா 2022 டிசம்பரில் மத்திய மோட்டார் வாகன விதிகளைத் திருத்தி, 2023 ஏப்ரல் 1 முதல் நடைமுறைக்குக் கொண்டுவந்தது. பாவித்த வாகனம் விற்கும் வியாபாரி அதிகாரச் சான்றிதழ் பெறவேண்டும். உரிமையாளர் வாகனத்தை அவரிடம் ஒப்படைத்ததைப் பதிவு அதிகாரிக்கு அறிவித்ததும், விற்கும்வரை அவரே உரிமையாளராகக் கருதப்படுவார். அந்தக் காலத்தில் நடக்கும் எதற்கும் பொறுப்பு அவருடையது. வாகனம் எதற்காக, எவ்வளவு தூரம் ஓடியது என்று மின்னணுப் பதிவேடும் வைக்கவேண்டும். ஓப்பின் பேப்பரின் உயிர்நாடியே இதில் அறுந்துவிடுகிறது.

அனுமதிப்பத்திரம் வந்தால் இலஞ்சம் கூடும், சிறு புறோக்கர்களின் பிழைப்புப் போகும் என்ற மறுப்பைத் தட்டிக்கழிக்க முடியாது. எங்கள் அலுவலகங்களை அறிந்தவர்கள் சொல்வது அது. அதனால்தான் அனுமதி வழங்குவதில் அதிகாரியின் விருப்பத்துக்கு இடமிருக்கக்கூடாது: பெயர், முகவரி, ஒரு பிணைத்தொகை, அவ்வளவு போதும். ஆளை ஆளுக்கு அறிமுகம் செய்து தரகு வாங்குபவரை இதற்குள் இழுக்கத் தேவையில்லை. வாகனத்தைத் தன் கையில் எடுத்து, விலை ஏற்றி விற்பவர் மட்டும் பதியட்டும். விலை கொஞ்சம் கூடும்தான். கூடினாலும், பிழைத்துப்போனால் போய்க் கேட்பதற்கு ஒரு முகவரி இருக்கும்.

இதைவிடச் சிறிய, செலவில்லாத வேலை ஒன்றும் உண்டு. அமெரிக்காவில் பழைய கார் விற்கும் வியாபாரி, உத்தரவாதம் உண்டா இல்லையா என்று சொல்லும் ஒரு தாளைக் காரிலேயே வைக்கவேண்டும் என்பது மத்திய அரசின் விதி. பேரம் ஸ்பானிய மொழியில் நடந்தால் அந்தத் தாளும் ஸ்பானிய மொழியில் இருக்கவேண்டும். யாழ்ப்பாணத்தில் பேரம் முழுக்கத் தமிழில்தான் நடக்கிறது. ஓடிய தூரம், விபத்து, லீசிங் பாக்கி, அடித்தகட்டுத் துரு என்று நான்கு வரி தமிழில் எழுதி, விற்பவர் கையொப்பமிட்டுக் கொடுக்க ஒரு வர்த்தமானி அறிவித்தல் போதும்.