சனி, ஞாயிறு மட்டும்தான் ஃப்ரீயா? தீம் பார்க் வேலைக்கு அது போதும்!

வேலப்பன்சாவடி, திருவேற்காடு, மதுரவாயல் பக்கம் தங்கிப் படிக்கிறீங்களா? வாரத்துல அஞ்சு நாள் கல்லூரி, 75 சதவீத வருகைப்பதிவு, நடுவுல செமஸ்டர் தேர்வு. இதுக்கிடையில கைச்செலவுக்கு ஒரு பகுதிநேர வேலை கிடைச்சா நல்லா இருக்கும்னு நினைக்கிறவங்க நிறைய பேர். "ஆனா முன்அனுபவம் இல்லையே, வாரத்துக்கு ரெண்டு நாள்தானே வர முடியும், யாரு எடுப்பாங்க?" என்ற தயக்கத்தில் பலர் விண்ணப்பமே செய்வதில்லை.

பொழுதுபோக்குப் பூங்காக்களைப் பொறுத்தவரை இந்தத் தயக்கம் தேவையில்லை. ஏன், எப்படிக் கேட்பது, எதில் கவனமாக இருப்பது என்று ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

உங்க லீவு நாள்தான் அவங்க பிஸி நாள்

தீம் பார்க்கில் செவ்வாய்க்கிழமை கூட்டமும் ஞாயிற்றுக்கிழமை கூட்டமும் ஒன்றல்ல. சனி, ஞாயிறு, காணும் பொங்கலை ஒட்டிய நாட்கள், ஏப்ரல், மே கோடை விடுமுறை, காலாண்டு, அரையாண்டு விடுமுறை. இந்த நாட்களில்தான் குடும்பங்கள் குவியும். ஆண்டு முழுக்க அந்த அளவு ஆட்களை வைத்திருப்பது நிர்வாகத்துக்குக் கட்டுப்படியாகாது. அதனால் கூட்ட நாட்களுக்கு மட்டும் கூடுதல் ஆள் தேவைப்படும். நீங்க ஃப்ரீயா இருக்கிற நாளும் அதுதான்.

வேலப்பன்சாவடியிலிருந்து பார்த்தால், பூந்தமல்லி தாண்டி அதே நெடுஞ்சாலையில் செம்பரம்பாக்கம் அருகே பழஞ்சூரில் குயின்ஸ்லேண்ட் இருக்கு. கிழக்குக் கடற்கரைச் சாலையில் விஜிபி, முட்டுக்காட்டில் எம்ஜிஎம் டிஸ்ஸி வேர்ல்ட். 2025 டிசம்பரில் திருப்போரூர் அருகே இள்ளலூரில் வொண்டர்லா திறக்கப்பட்டது. கடைசி மூன்றும் இங்கிருந்து தூரம். போக வர ஆகும் நேரத்தையும் வேலை நேரமாக நினைத்துக் கணக்குப் போடுங்க. பூங்கா தவிர, மால்களில் உள்ள குழந்தைகள் விளையாட்டு அரங்குகள், டிராம்போலின் பூங்காக்கள், பொருட்காட்சிகளிலும் இதே மாதிரி வேலைகள் உண்டு.

அனுபவம் இல்லாம என்ன வேலை கேட்கலாம்?

புதிதாக வருகிறவர்களுக்கு ஏற்ற வேலைகள்:

• டிக்கெட் கவுண்டர்: கம்ப்யூட்டர் பில்லிங், ரொக்கம், யூபிஐ கணக்கு சரிபார்த்தல்.
• நுழைவாயில்: டிக்கெட் ஸ்கேன், கைப்பை சோதனை, வழிகாட்டுதல்.
• லாக்கர், நீச்சல் உடை வாடகைப் பிரிவு.
• ராட்டின உதவியாளர்: வரிசையை ஒழுங்குபடுத்துதல், குழந்தையின் உயரம் பார்த்தல், பெல்ட், பூட்டுக்கம்பி சரியாகப் போட்டிருக்கிறதா எனப் பார்த்தல்.
• உணவுக் கடை, ஐஸ்கிரீம் கடை.
• பொம்மை உடை அணிந்து குழந்தைகளை வரவேற்றல், புகைப்படப் பிரிவு.

ராட்டினத்தை இயக்குபவர், எலக்ட்ரீஷியன், நீச்சல் குள உயிர்காப்பாளர் ஆகியவை தனிப் பயிற்சி தேவைப்படும் வேலைகள். ஐடிஐ முடித்திருந்தால் முதல் இரண்டுக்கு முயற்சி செய்யலாம். நீச்சல் தெரிந்தால் மட்டும் உயிர்காப்பாளர் ஆகிவிட முடியாது, மீட்புப் பயிற்சியும் முதலுதவிப் பயிற்சியும் வேண்டும். இந்தியன் ரெட் கிராஸ், செயின்ட் ஜான் ஆம்புலன்ஸ் போன்ற அமைப்புகள் முதலுதவி வகுப்பு நடத்துகின்றன. அந்தச் சான்றிதழ் கையில் இருந்தால் எந்தப் பிரிவுக்குப் போனாலும் மதிப்புதான்.

உணவுக் கடையில் சேருவதாக இருந்தால், உணவைக் கையாளுபவர்களுக்கு ஆண்டுக்கு ஒருமுறை மருத்துவப் பரிசோதனைச் சான்று தேவை என்பது உணவுப் பாதுகாப்பு விதி. அதை யார் எடுத்துத் தருவார்கள் என்று முதலிலேயே கேட்டுக்கோங்க.

விஜிபி கடற்கரையில் அசையாமல் நிற்கும் சிலை மனிதரைப் பார்த்து, சிரிக்க வைக்க முயற்சி செய்யாத சென்னைக் குடும்பம் குறைவு. அதுவும் பூங்கா வேலைதான். வால்ட் டிஸ்னி பூங்காக்களில் துப்புரவு செய்பவர் உட்பட எல்லா ஊழியர்களையும் நடிகர் குழுவினர் என்றே அழைக்கிறார்கள். பத்தாவது மணி நேரத்திலும் பார்வையாளரிடம் முதல் மணி நேரம் போலவே பேச வேண்டும் என்பதுதான் அதன் பொருள். நிர்வாகம் உங்களிடம் முக்கியமாகத் தேடுவதும் அந்தப் பொறுமையைத்தான்.

"அனுபவம்: இல்லை" என்று எழுதாதீங்க

உண்மையிலேயே எதுவும் செய்ததில்லையா? யோசிச்சுப் பாருங்க. திருவேற்காடு கருமாரியம்மன் கோயில் திருவிழாவில் தன்னார்வலராக நின்று கூட்டத்தை வரிசையில் அனுப்பியிருந்தால் அது கூட்ட மேலாண்மை. மாமா கடையில் பில் போட்டிருந்தால் அது கவுண்டர் அனுபவம். கல்யாணத்தில் பந்தி பரிமாறியது, என்எஸ்எஸ் முகாம், என்சிசி, கல்லூரி விழாவில் பதிவு மேசையில் உட்கார்ந்தது எல்லாமே எழுத வேண்டியவை. எங்கே, எப்போது, என்ன செய்தீங்க என்று ஒவ்வொன்றையும் ஒரு வரியில் எழுதுங்க. தமிழோடு இந்தி, தெலுங்கு, ஆங்கிலம் எது பேச வந்தாலும் சேர்த்துக்கோங்க. பெங்களூரு நெடுஞ்சாலையில் இருக்கும் பூங்காவுக்கு ஆந்திரா, கர்நாடகாவிலிருந்தும் ஆட்கள் வருவார்கள். செய்யாததைச் செய்ததாக மட்டும் எழுத வேண்டாம். ஒரு கேள்வியில் தெரிந்துவிடும்.

நேரத்தை எப்படிச் சொல்வது?

"எப்ப வேணாலும் வருவேன் சார்" என்று சொல்லிச் சேர்ந்துவிட்டு, மூன்றாவது வாரமே லீவு கேட்பவர்களால்தான் பகுதிநேர ஆட்கள் மீது நம்பிக்கை குறைகிறது. உள்ளதை உள்ளபடி சொல்லுங்க. போனில் இப்படிப் பேசலாம்:

"வணக்கம் சார், நான் வேலப்பன்சாவடியில தங்கி ரெண்டாம் வருஷம் படிக்கிறேன். சனி, ஞாயிறு, அரசு விடுமுறை நாட்கள்ல காலை 9 மணியிலிருந்து மாலை 6 மணி வரைக்கும் வர முடியும். மே மாசம் முழுக்க வரலாம். நவம்பர்ல தேர்வு, அப்போ மூணு வாரம் வர முடியாது. பொங்கலுக்கு ஊருக்குப் போக மாட்டேன். கவுண்டர் இல்லேன்னா நுழைவாயில் வேலை இருந்தா சொல்லுங்க சார்."

வர முடியாத நாளையும் சேர்த்துச் சொன்னதால் ஷிப்ட் போடுகிறவருக்கு வேலை சுலபம். பண்டிகை நாளில் வர முடியும் என்பது உங்களுக்குச் சாதகமான விஷயம், அதைத் தவறாமல் சொல்லுங்க. கோடைக் கூட்டம் தொடங்கிய பிறகு கேட்பதைவிட, பிப்ரவரி, மார்ச்சிலேயே கேட்டு வைப்பது நல்லது.

எங்கே விண்ணப்பிப்பது? பூங்காவின் சொந்த இணையதளத்தில் உள்ள வேலைவாய்ப்புப் பக்கம் முதல் வழி. கூட்டம் இல்லாத வார நாளில் நேரில் போய் மனிதவளப் பிரிவில் விண்ணப்பம் கொடுப்பது இரண்டாவது. தமிழ்நாடு அரசின் தனியார்துறை வேலைவாய்ப்பு இணையத்தில் கட்டணமின்றிப் பதிவு செய்து, பகுதிநேர வேலை இருக்கிறதா என்று தேடலாம். திருவள்ளூர் மாவட்ட வேலைவாய்ப்பு அலுவலகம் நடத்தும் தனியார்துறை வேலைவாய்ப்பு முகாம்களுக்கும் போகலாம். அங்கேயும் கட்டணம் கிடையாது.

பணம் கேட்டா, அந்த இடத்தை விட்டு வந்துடுங்க

"யூனிஃபார்முக்கு ரெண்டாயிரம் கட்டுங்க, ஐடி கார்டுக்கு ஐநூறு அனுப்புங்க" என்று வாட்ஸ்ஆப்பில் வருகிறதா? வேலை தருகிறவர் உங்களுக்குச் சம்பளம் தர வேண்டும், உங்களிடம் வாங்கக் கூடாது. பூங்காவின் பெயரும் லோகோவும் போட்டிருப்பதால் மட்டும் அது உண்மையான விளம்பரம் ஆகாது. பூங்காவின் இணையதளத்தில் உள்ள எண்ணுக்கு நீங்களே அழைத்துச் சரிபாருங்க. பணத்தை ஏற்கெனவே அனுப்பிவிட்டால் வெட்கப்பட்டுக்கொண்டு காத்திருக்காமல் உடனே 1930 என்ற சைபர் குற்ற உதவி எண்ணை அழையுங்க. எவ்வளவு சீக்கிரம் சொல்றீங்களோ, பணம் கைமாறும் முன் முடக்குவதற்கான வாய்ப்பு அவ்வளவு அதிகம்.

மதிப்பெண் சான்றிதழ் அசலை யாரிடமும் ஒப்படைக்க வேண்டாம். காட்டிவிட்டு, நகல் மட்டும் கொடுங்க. ஆதார் கேட்டால், கடைசி 4 இலக்கங்கள் மட்டும் தெரியும் மறைக்கப்பட்ட ஆதாரை ஆதார் ஆணையத்தின் இணையதளத்தில் பதிவிறக்கம் செய்து கொடுக்கலாம். சான்றிதழ்களை டிஜிலாக்கரில் வைத்திருந்தால் நேர்காணலுக்குக் கோப்பைத் தூக்கிக்கொண்டு அலைய வேண்டியதில்லை.

சேரும் முன் கேட்க வேண்டிய 5 கேள்விகள்

1. எனக்குச் சம்பளம் தருவது பூங்காவா, ஒப்பந்த நிறுவனமா? ஒப்பந்ததாரர் மூலம் சேர்ந்தால் அவர் பெயரையும் முகவரியையும் எழுதி வாங்கிக்கோங்க. அவர் சம்பளம் தரத் தவறினால் முதன்மை நிறுவனத்துக்கும் பொறுப்பு உண்டு என்பது சட்டத்தின் நிலை.

2. நாளுக்கு எவ்வளவு, எந்தத் தேதியில், வங்கிக் கணக்கில் வருமா?

3. எத்தனை மணி நேரம்? தமிழ்நாடு கடைகள் மற்றும் நிறுவனங்கள் சட்டம், 1947 பொழுதுபோக்கு இடங்களுக்கும் பொருந்தும். நாளொன்றுக்கு 8 மணி நேரம்தான் வழக்கமான வேலை. தொடர்ந்து 4 மணி நேரத்துக்கு மேல் வேலை என்றால் இடையில் ஒரு மணி நேர ஓய்வு. கூடுதல் நேரத்துக்கு இரட்டிப்புச் சம்பளம். 2021-ல் கொண்டுவரப்பட்ட திருத்தத்தின்படி, ஊழியர்கள் வாய்ப்புக் கிடைக்கும்போது உட்கார இருக்கை வசதியும் தர வேண்டும்.

4. இஎஸ்ஐ, பிஎஃப் உண்டா? மாதச் சம்பளம் 21,000 ரூபாய் வரை உள்ளவர்களுக்கு இஎஸ்ஐ பொருந்தும். பகுதிநேரம் என்பதால் விலக்கு இல்லை. வேலை நேரத்தில் அடிபட்டால் கைகொடுப்பது இதுதான்.

5. எனக்கு என்ன பயிற்சி, எத்தனை நாள்?

கையில் எவ்வளவு நிற்கும்? ஓர் உதாரணம். நாளுக்கு 600 ரூபாய், மாதத்தில் 8 நாள் என்றால் 4,800. இதில் இஎஸ்ஐ 0.75 சதவீதம், அதாவது 36 ரூபாய். பிஎஃப் 12 சதவீதம், 576 ரூபாய். அது உங்க பெயரிலேயே சேரும். மீதி 4,188. போக வர நாளுக்கு 60 ரூபாய் ஆனால் இன்னும் 480 போகும். கடைசியில் 3,708 ரூபாய். மதிய உணவு அவங்க தருவாங்களா என்பதும் இந்தக் கணக்கை மாற்றும். பெண்களுக்கு மாநகரச் சாதாரணக் கட்டணப் பேருந்துகளில் கட்டணமில்லாப் பயணம் இருப்பதால் அவர்களின் செலவு குறையும். ஷிப்ட் முடிந்து திரும்பக் கடைசிப் பேருந்து எத்தனை மணிக்கு என்று 'சென்னை ஒன்' செயலியிலும் நிறுத்தத்திலும் விசாரிச்சுட்டு, அதற்கேற்ப நேரத்தை ஒப்புக்கோங்க.

பயிற்சி இல்லாம ராட்டினத்துல கை வைக்காதீங்க

2016 மே மாதம் தாம்பரம் அருகே ஒரு பொழுதுபோக்குப் பூங்காவில், ராட்டினம் ஒன்று சோதனை ஓட்டத்தின்போது விபத்துக்குள்ளானது. ஊழியர் ஒருவர் உயிரிழந்தார், பலர் காயமடைந்தனர். அதில் ஏறியிருந்தவர்கள் அங்கே வேலை பார்த்தவர்கள்.

அதனால் ஐந்தாவது கேள்வியை விட்டுவிடாதீங்க. "ஆள் வரல, இன்னைக்கு மட்டும் நீ சுவிட்சைப் போடு தம்பி" என்று சொன்னால், "எனக்குப் பயிற்சி தரல அண்ணே, சூப்பர்வைசரைக் கூப்பிடுங்க" என்று தயங்காமல் சொல்லுங்க. சோதனை ஓட்டத்தில் எடைக்காக உட்காரச் சொன்னாலும் இதே பதில்தான். உயரம் குறைவான குழந்தையை ஏற்றச் சொல்லிப் பெற்றோர் சண்டை போடுவார்கள். விதியைத் தளர்த்த உங்களுக்கு அதிகாரம் இல்லை என்று பணிவாகச் சொல்லி, மேலாளரை அழையுங்க. பெல்ட்டில் கோளாறு, விநோதமான சத்தம் எது தெரிந்தாலும் ராட்டினத்தை நிறுத்தச் சொல்வதுதான் உங்க முதல் வேலை. நிறுத்தும் பொத்தான் எங்கே என்று முதல் நாளே கேட்டுத் தெரிஞ்சுக்கோங்க.

பிரச்சினை வந்தா யாரிடம் சொல்வது?

சம்பளம் வரவில்லை என்றால், வேலை செய்த தேதிகள், நேரம், ஷிப்ட் பட்டியலின் புகைப்படம், வாட்ஸ்ஆப் செய்திகளைச் சேர்த்துவைத்து, மாவட்டத் தொழிலாளர் உதவி ஆணையர் (அமலாக்கம்) அலுவலகத்தில் புகார் கொடுக்கலாம். முதல்வரின் உதவி மைய எண் 1100-லும் பதிவு செய்யலாம். பத்துப் பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் இடத்தில் பாலியல் துன்புறுத்தல் புகார்களை விசாரிக்க உள்ளகக் குழு இருக்க வேண்டும். பெண்களுக்கான உதவி எண் 181. 14 வயதுக்கு உட்பட்டவர்களை வேலைக்கு வைப்பது குற்றம். அப்படிப் பார்த்தால் 1098-க்குச் சொல்லுங்க.

இன்னைக்கே செய்யக்கூடியது: இந்த செமஸ்டரில் நீங்க வரக்கூடிய நாட்களையும் வர முடியாத நாட்களையும் போன் காலண்டரில் குறிங்க. அதைப் பார்த்து ஒரு பக்க விவரக்குறிப்பு எழுதி, பிடிஎஃப் ஆக மாற்றி வைங்க. திங்கட்கிழமை காலை, பக்கத்துப் பூங்காவின் அலுவலகத்துக்கு ஒரு போன் போடுங்க.