மூத்தவனுக்கு ஓர் ஆள்

பிரசவத்துக்குத் தாய்வீடு போன பெண்ணை ஒற்றைப்படை மாதத்தில் புகுந்த வீட்டுக்கு அழைத்து வருவது நம் பக்கத்து வழக்கம். மூன்றாம் மாதம், இல்லையென்றால் ஐந்தாம் மாதம். பிறந்தது இரட்டை என்றால் நாள் குறித்த நிமிடமே வீட்டில் பேச்சு தொடங்கிவிடும். ஏசி குளிர் ஒத்துக்கொள்ளுமா, பால் பத்துமா, ராத்திரி இரண்டும் சேர்ந்து அழுதால் பக்கத்து சீட்டுக்காரர் என்ன சொல்வார்? இத்தனை கேள்விகளுக்கு நடுவில், தரையில் உட்கார்ந்து பொம்மைக் கார் ஓட்டிக்கொண்டிருக்கும் இரண்டரை வயது மூத்தவனைப் பற்றி ஒரு கேள்வியும் வராது. “அவன் பெரிய பையன், பேசாம வந்துருவான்” என்று ஆச்சி முடித்துவிடுவாள்.

அங்கேதான் கணக்கு தப்புகிறது. டீயை எடுத்துக்கொள்ளுங்கள், நிதானமாகச் சொல்கிறேன்.

மூன்று மாதக் குழந்தை வைத்த இடத்தில் இருக்கும். அதற்கு வேண்டியவை பால், தூக்கம், உலர்ந்த துணி. ஊர் மாறியது அதற்குத் தெரியாது. அம்மாவின் வாசனை அருகில் இருந்தால் திருநெல்வேலியும் திண்டிவனமும் ஒன்றுதான். இரண்டரை வயதுக்காரனுக்குக் கால் இருக்கிறது, விருப்பம் இருக்கிறது, ‘மாட்டேன்’ என்ற சொல்லும் இருக்கிறது. நடைமேடையின் ஓரம் எதுவென்று மட்டும் தெரியாது. அப்பா ஒரு குழந்தையையும் அம்மா இன்னொன்றையும் தூக்கிக்கொண்டால் இருவர் கையும் அடைத்துவிடுகிறது. அந்த நேரம் பார்த்து அவன் ஓடினால் பிடிக்க ஆள் இல்லை. ஆகவே பயணத் திட்டத்தை மூத்தவனிலிருந்து தொடங்க வேண்டும். இரட்டையரின் தேவையை அதற்குள் பொருத்திக்கொள்ளலாம்.

திருநெல்வேலியிலிருந்து சென்னைக்கு வரும் குடும்பத்தை எடுத்துக்கொள்வோம். சுமார் 650 கிலோமீட்டர்.

முதலில், எப்போது கிளம்பலாம்? இரட்டையரில் ஏறக்குறைய பாதிப் பேர் 37 வாரம் முடியும் முன்பே பிறந்துவிடுகிறார்கள். எட்டு வாரம் முந்திப் பிறந்த குழந்தைக்குக் காலண்டரில் மூன்று மாதம் ஆகியிருந்தாலும், வளர்ச்சிக் கணக்கில் ஒரு மாதம்தான். மருத்துவர்கள் இந்தத் திருத்திய வயதை வைத்துத்தான் எடையையும் வளர்ச்சியையும் பார்க்கிறார்கள். பயணத் தேதிக்கும் அந்த வயதையே பார்ப்பது நல்லது. பஞ்சாங்கம் பார்ப்பவரிடம் இதைச் சொன்னால் அவரும் ஐந்தாம் மாதத்துக்குச் சம்மதிப்பார். தடுப்பூசிக்கு வந்தால் தலைகீழ்: 6, 10, 14 வாரங்கள் என்ற கணக்கு பிறந்த நாளிலிருந்துதான் ஓடும், குறைமாதம் என்று தள்ளிப்போடுவதில்லை. ஊசி போட்ட அன்றோ மறுநாளோ காய்ச்சல் வரலாம் என்பதால் அதற்கு ஒட்டிய நாளில் டிக்கெட் எடுக்க வேண்டாம். தாய்சேய் அட்டையைக் கைப்பையில் வைத்துக்கொண்டால் அடுத்த தவணையைச் சென்னையில் எந்த அரசு ஆரம்ப சுகாதார நிலையத்திலும் இலவசமாகப் போட்டுக்கொள்ளலாம்.

அடுத்து, எதில் போவது? “நம்ம கார்லயே போயிடலாம், நினைச்ச இடத்துல நிறுத்தலாம்” என்பார் தாத்தா. கேட்க நன்றாக இருக்கும். ஆனால் மடியில் குழந்தையை வைத்துக்கொண்டு நெடுஞ்சாலையில் போவது ஆபத்து. 2019-இல் திருத்தப்பட்ட மோட்டார் வாகனச் சட்டத்தின் 194பி பிரிவு, 14 வயதுக்குட்பட்ட குழந்தையை பெல்ட்டோ குழந்தை இருக்கையோ இல்லாமல் அழைத்துச் சென்றால் 1,000 ரூபாய் அபராதம் என்கிறது. சட்டத்தை விடுங்கள். பின்னோக்கிப் பார்க்கும் இரண்டு கைக்குழந்தை இருக்கை, மூத்தவனுக்கு ஒன்று என மூன்றையும் சிறிய காரின் பின்சீட்டில் பொருத்தவே முடியாது. பொருத்தினாலும் அம்மா உட்கார இடம் கிடையாது. அதோடு, குறைமாதக் குழந்தை அந்தச் சாய்ந்த இருக்கையில் நெடுநேரம் தூங்கினால் தாடை மார்பில் கவிழ்ந்து மூச்சுப் பாதை குறுகலாம். இரண்டு மணி நேரத்துக்கு ஒரு முறையாவது வெளியே எடுத்துப் படுக்க வைக்க வேண்டும். அப்படிப் பார்த்தால் பத்து மணி நேரப் பயணம் விடிந்து கிளம்பினால் இருட்டித்தான் முடியும். வேறு வழியில்லாமல் சாலை வழியே வருபவர்களுக்கு ஒரு வசதி: 2015 முதல் தமிழக அரசு பேருந்து நிலையங்களில் தாய்மார்கள் பாலூட்டும் அறைகளைத் திறந்திருக்கிறது. காரில் வந்தாலும் உள்ளே போய் உட்காரலாம்.

விமானம் என்றால் தூத்துக்குடியிலோ மதுரையிலோ ஏற வேண்டும். இரண்டு வயது முடியாத குழந்தைக்கு மடியில் இடம். முடிந்தவனுக்குத் தனி டிக்கெட். ஒரு பெரியவர் மடியில் ஒரு குழந்தைதான், ஆகவே அம்மா தனியாக இரட்டையரோடு ஏற முடியாது. இன்னொன்றும் உண்டு. மூன்று மூன்று இருக்கையாக அமைந்த விமானங்களில் ஒரு பக்கத்து மூன்று இருக்கைக்கு மேலே பொதுவாக நான்கு ஆக்சிஜன் முகமூடிகள் இருக்கும், மடிக்குழந்தைக்கு அதில் ஒன்று. அதனால் இரண்டு மடிக்குழந்தைகளை அடுத்தடுத்து உட்கார விடமாட்டார்கள். நடைபாதைக்கு இந்தப் பக்கம் ஒருவர், அந்தப் பக்கம் ஒருவர். மூத்தவன் யார் பக்கத்தில் என்பதை முன்பதிவின்போதே முடிவு செய்துவிடுங்கள். இறங்கும்போது காதடைப்பில் குழந்தை வீறிடும். விழுங்கும்போது காதுக் குழல் திறப்பதால் அப்போது பால் கொடுத்தால் அடங்கும். இரண்டுக்கும் ஒரே நேரத்தில் வேண்டும் என்பதால் அப்பா கையிலும் கறந்த பாலும் பாலாடையும் தயாராக இருக்கட்டும்.

நம் குடும்பத்துக்கு ரயில்தான் பொருந்தும். அதிலும் எந்த ரயில் என்பது முக்கியம். 2023 செப்டம்பரில் வந்த வந்தே பாரத், சென்னைக்கு சுமார் எட்டு மணி நேரத்தில் கொண்டுவந்துவிடும். ஆனால் அது நாற்காலி வண்டி, முழுக்கப் பகல். எட்டு மணி நேரம் விழித்திருக்கும் இரண்டரை வயதுக்காரனை நாற்காலியில் உட்கார வைக்க நினைத்துப் பாருங்கள். இரவு வண்டி கூடுதல் நேரம் எடுத்தாலும் அதில் பெரும்பகுதியை அவன் தூங்கிக் கழித்துவிடுவான். கைக்குழந்தைகளுக்குப் பகலும் இரவும் ஒன்றே என்பதால் அவர்களுக்கு நஷ்டமில்லை. இரவு வண்டியிலும் ஏறும் ஊரில் புறப்பட்டு இறங்கும் ஊரில் முடிகிற வண்டியைப் பாருங்கள். திருநெல்வேலியிலேயே புறப்படும் வண்டி முன்கூட்டியே நடைமேடைக்கு வந்துவிடும், ஆற அமர ஏறலாம். கோவில்பட்டி போல ஓரிரு நிமிடமே நிற்கும் இடத்தில் மூன்று குழந்தைகளையும் ஏழு பைகளையும் ஏற்றுவது பெரிய பாடு. சொந்த ஊர் கோவில்பட்டியாக இருந்தாலும் திருநெல்வேலி வரை போய் ஏறுவது லாபம்.

பெட்டி விஷயம். ஐந்து வயதுக்குக் கீழே ரயிலில் டிக்கெட் கிடையாது, படுக்கையும் கிடையாது. அப்படியானால் அம்மா, அப்பா, மூன்று குழந்தைகள் என ஐந்து பேருக்கு இரண்டு படுக்கைதான் வரும். முழுக் கட்டணம் கொடுத்தால் மூத்தவன் பேரில் ஒரு படுக்கை வாங்கலாம், வாங்குங்கள். இந்தப் பயணத்தில் செலவழிக்கிற பணத்தில் அதுதான் உருப்படியானது. மூன்றடுக்கு ஏசியில் இரவு பத்திலிருந்து காலை ஆறு வரை நடுப்படுக்கையை விரித்துவிடுவார்கள், கீழே அம்மாவால் நிமிர்ந்து உட்கார்ந்து பால் கொடுக்க முடியாது. இரண்டடுக்கில் நடுப்படுக்கையே இல்லை, திரைச்சீலையும் உண்டு. கட்டுபடியாகாதென்றால் மூன்றடுக்கிலேயே பக்கவாட்டுக் கீழ்ப்படுக்கை ஒன்றாவது கிடைக்குமா என்று பாருங்கள். அதற்கு மேலே ஒரே படுக்கைதான், தலை இடிக்காது. 2022-இல் லக்னோ மெயிலில் தாயின் படுக்கையோடு ஒட்டி மடக்கும் குழந்தைப் படுக்கை ஒன்றைச் சோதனையாக வைத்தார்கள். அதை நம்பி நாம் கிளம்ப முடியாது. குழந்தைகளைச் சுவர்ப் பக்கமாக மல்லாக்கப் படுக்க வைத்து, வெளிப்பக்கம் பெரியவர் படுக்க வேண்டும், ஒரு படுக்கைக்கு ஒரு குழந்தை. மேல் படுக்கைச் சங்கிலியில் சேலையைக் கட்டித் தூளி போடுவதைப் பலர் செய்கிறார்கள். வண்டி சடாரென்று பிரேக் போட்டால் தூளி எங்கே போய் முட்டும் என்று ஒரு தடவை அண்ணாந்து பார்த்துவிட்டுக் கட்டுங்கள். அதற்குமேல் கட்ட மனம் வராது.

ஏறும்போது ஒரு ஒழுங்கு வேண்டும். இரண்டு கைக்குழந்தைகளும் துணித் தொட்டிலிலோ பெல்ட் வைத்த கேரியரிலோ இரு பெரியவர்களின் மார்போடு இருக்கட்டும். குழந்தையின் முகம் வெளியே தெரிய வேண்டும், தாடை மார்பில் படக்கூடாது. இப்போது நான்கு கைகள் மீதி. அதில் ஒன்று ஏறி உட்காரும் வரை மூத்தவனுடையது. அந்தக் கை பையைத் தொடக்கூடாது, டிக்கெட்டைத் தேடக்கூடாது. பைகளைப் போர்ட்டரிடம் விடுங்கள். அவன் சட்டைப் பையில் அப்பாவின் எண் எழுதிய சீட்டு ஒன்று இருக்கட்டும். 139 ரயில்வே உதவி எண், 1098 குழந்தைகள் உதவி எண், இரண்டும் உங்கள் போனில் இருக்கட்டும்.

ராத்திரிக்கு வருவோம். சின்னக் குழந்தை ஒரு நாளைக்கு எட்டு முதல் பன்னிரண்டு முறை பால் குடிக்கும். இரட்டை என்றால் பதினாறு முதல் இருபத்து நான்கு. தனித்தனியாக எழவிட்டால் அம்மாவுக்கு விடியும் வரை கண் மூட முடியாது. ஒன்று எழுந்ததும் மற்றதையும் எழுப்பிக் கொடுத்துவிட வேண்டும். ஒரு வாரம் முன்பே வீட்டில் இதைப் பழக்குங்கள். பவுடர் பால் கொடுப்பவர்கள் கொதிநீரை நல்ல ஃபிளாஸ்கில் எடுத்துக்கொள்ளுங்கள். பவுடரில் இருக்கக்கூடிய கிருமி சாக 70 டிகிரிக்குக் குறையாத சூடு வேண்டும். கலக்கி ஆறவைத்து உடனே கொடுங்கள், கலந்து இரண்டு மணி நேரம் தாண்டியதை ஊற்றிவிடுங்கள். ‘தாகமாயிருக்கும், ஒரு சங்கு தண்ணி’ என்பதை ஆறு மாதம் வரை யார் சொன்னாலும் கேட்க வேண்டாம்.

இரட்டையருக்கே உரிய ஆபத்து ஒன்று உண்டு. வைட்டமின் டி, இரும்புச் சத்து என்று சொட்டு மருந்து இருக்கும். இருட்டில், அரைத் தூக்கத்தில், ஒரே குழந்தைக்கு இரண்டு தடவை போய்விடும். மற்றதற்குக் கிடைக்காமலே போய்விடும். ஒன்றின் காலில் கறுப்புக் கயிறு, மற்றதற்குச் சிவப்பு. மருந்து கொடுப்பது ஒரே ஆளின் பொறுப்பு, கொடுத்ததும் போனில் குறிப்பு. டயப்பரை ஒரு பெரிய பையில் அடைக்காமல் ஒரு டயப்பர், ஒரு சட்டை, ஒரு துணி, ஒரு கவர் எனச் சின்னச் சின்னப் பொட்டலமாகக் கட்டினால் விளக்குப் போடாமல் கை நீட்டி எடுக்கலாம். அழுக்கானதை ரயில் கழிப்பறைக்குள் போடாதீர்கள். பயோ டாய்லெட் அடைத்துக்கொண்டால் பெட்டிக்கே அவஸ்தை. வாசல் பக்கத்தில் குப்பைத் தொட்டி இருக்கிறது. வழியில் மூன்று மாதத்துக்கு உட்பட்ட குழந்தைக்கு உடம்பு 38 டிகிரி, அதாவது 100.4 ஃபாரன்ஹீட் தொட்டால், வீடு போய்ப் பார்க்கலாம் என்று காத்திருக்க வேண்டாம். 139-ஐ அழைத்து அடுத்த பெரிய நிலையத்தில் மருத்துவரைக் கேளுங்கள்.

இனி மூத்தவன். மாதக்கணக்கில் ஆச்சி வீட்டில் இருந்திருக்கிறான், அப்பாவை வீடியோவில் பார்த்திருக்கிறான். அதற்குள் அம்மா மடியில் இரண்டு பேர் வந்து உட்கார்ந்துவிட்டார்கள். கழிப்பறை பழகியவன் திரும்ப நனைப்பான், பாட்டில் கேட்பான், தம்பியைக் கிள்ளுவான். கெட்ட குணமில்லை, போன இடத்தைத் திரும்பப் பிடிக்கப் பார்க்கிறான். ரயிலில் அவனுக்கென்று ஒரு சின்னப் பை கொடுங்கள். அதில் அவன் போட்டதுதான் இருக்க வேண்டும். துண்டு எடுத்துக் கொடுப்பது, ஜன்னல் வழியே ஊர்ப் பெயர்ப் பலகையைக் காட்டுவது என்று வேலை கொடுங்கள். வண்டி கிளம்பியதும் போனை நீட்டிவிடாமல் கடைசித் துருப்பாக வைத்திருங்கள்.

வீடு வந்து சேர்ந்த பிறகும் கணக்கு இதுதான். முதல் வாரம் பார்க்க வருகிறவர்கள் நேராகத் தொட்டிலுக்குப் போவார்கள். சளி இருமல் உள்ளவர்களை வாசலிலேயே பேசி அனுப்புவதில் தயக்கம் வேண்டாம். மற்றவர்களிடம், முதலில் மூத்தவனிடம் பேசிவிட்டு உள்ளே வரச் சொல்லுங்கள். ராத்திரிப் பொறுப்பை இரண்டாகப் பிரித்து, முன்னிரவு ஒருவர், பின்னிரவு ஒருவர் என்று தூங்குங்கள். தினமும் ஒரு அரைமணி நேரம் அம்மா, இரட்டையர் அழுதாலும் சரி, அவனோடு மட்டும் இருக்கட்டும். அந்த நேரம் அப்பா தொட்டிலைப் பார்த்துக்கொள்வார்.

கடைசியாகச் செலவு. தள்ளுவண்டி, ஸ்டெரிலைசர், இரட்டைக்கென்று விற்கும் தலையணை என்று கடையில் நிறைய இருக்கும். ரயில் பெட்டியின் நடைபாதையில் இரட்டைத் தள்ளுவண்டி நுழையாது, மற்றவை இல்லாமலும் ஊர் வந்து சேரலாம். அந்தப் பணத்தில் ஒருவருக்கு டிக்கெட் எடுங்கள். ஆச்சியோ, சித்தியோ, கல்லூரி விடுமுறையில் இருக்கும் மாமனோ, யாராயிருந்தாலும் சரி. “இரட்டைக் குழந்தைக்கு ஒத்தாசையாக வாங்க” என்று அழைத்தால் அவர்களும் கைக்குழந்தையைத்தான் வாங்கிக் கொஞ்சுவார்கள். அழைக்கும்போதே தெளிவாகச் சொல்லிவிடுங்கள்: “நீங்க வர்றது மூத்தவனுக்காக.”