இளஞ்சிவப்புக் கல்லின் தூசு

செயின்ட் பீட்டர்ஸ்பர்க்கின் பீட்டர்-பால் தேவாலயத்தில், ஜார் இரண்டாம் அலெக்சாண்டரின் மனைவி மரியா அலெக்சாண்ட்ரோவ்னாவின் கல்லறைப் பேழை இருக்கிறது. யூரல் மலையில் வெட்டிய ரோடோனைட் கல். இளஞ்சிவப்பு உடம்பில் கருப்பு நரம்புகள். அரசி இறந்தது 1880-இல். பேழை அங்கே வைக்கப்பட்டது 1906-இல். இடையில் பல ஆண்டுகள் கைவினைஞர்கள் அதை அறுத்தார்கள், தேய்த்தார்கள், மெருகேற்றினார்கள். பார்க்கிறவர் நிறத்தில் சொக்கிப்போகிறார். தேய்த்தவர்களின் நுரையீரலை யார் நினைக்கிறார்கள்?

மோ அளவுகோலில் 5.5 முதல் 6.5 வரை கடினம் உள்ள கல் இது. லேசில் உடையாது. அதனால்தான் பூச்சாடி, பேழை, பாசிமணி, மோதிரக்கல் எல்லாவற்றுக்கும் ஒத்துவருகிறது. மாஸ்கோவில் 1938-இல் திறந்த மயகோவ்ஸ்கயா மெட்ரோ நிலையத் தூண்களிலும் இதுவே மின்னுகிறது. கடலடியில் படிந்த மாங்கனீசும் சிலிக்காவும் பூமிக்குள் புதைந்து, வெப்பத்திலும் அழுத்தத்திலும் இறுகிப் பிறந்தது. சிவப்பைத் தருவது மாங்கனீசு. விரிசல் வழியே காற்றும் நீரும் புகுந்தால் அதே மாங்கனீசு கருத்து, வாங்குகிறவர்கள் விரும்பித் தேடும் அந்த நரம்புகளாகிறது.

அந்த மாங்கனீசு தூசாகி மூச்சில் ஏறும்போதுதான் ஆபத்து. ஆண்டுக்கணக்கில் சுவாசித்தால் மூளையைத் தாக்கும்: நடை தள்ளாடும், கை நடுங்கும், பேச்சு குழறும். கிளாஸ்கோவில் மாங்கனீசுத் தாது அரைத்த தொழிலாளர்களிடம் கூப்பர் என்ற மருத்துவர் 1837-இலேயே இதைக் கண்டு எழுதிவிட்டார். கல்லோடு குவார்ட்ஸும் கலந்திருந்தால் சிலிக்கோசிஸ் என்ற நுரையீரல் நோய் வேறு. நம் நாட்டிலேயே குஜராத்தின் கம்பாத்தில், அகேட் கல்லுக்குச் சாணை பிடித்தே நுரையீரல் இறுகிப்போனவர்கள் உண்டு. வீட்டுத் திண்ணையிலேயே சாணை சுற்றும் இடத்தில், கல்லைத் தொடாத குழந்தைக்கும் அந்தத் தூசுதான் மூச்சு.

தண்ணீர் விட்டுத் தேய்த்தால் தூசு எழாது, இந்தத் தொழிலை நம்பித்தான் எங்கள் அடுப்பு எரிகிறது என்பார்கள் தொழிலில் இருப்பவர்கள். பிழைப்பு முக்கியம்தான். தண்ணீர் தூசைப் பெருமளவு அடக்கும் என்பதும் உண்மை. ஆனால் மெருகு முடிந்து காய்ந்த சேறு மறுநாள் துடைப்பம் பட்டால் மறுபடி தூசுதான். சாணையருகே காற்றை உறிஞ்சும் குழாய், சரியான முகக்கவசம், தரையை ஈரத்துணியால் துடைப்பது, ஆண்டுதோறும் நுரையீரல் சோதனை: இவ்வளவும் சேர்ந்தால்தான் பாதுகாப்பு. இதற்கான செலவு பாசிமணியின் விலையிலேயே அடங்க வேண்டும். சாணை பிடிக்கிறவர் கூலியில் கழிக்கக் கூடாது.