எல்லாத் தொகுதிக்கும் ஒரே தொகை: அது நியாயம் ஆகுமா?

நகரத்து மலிவு விலை அடுக்குமாடி ஒன்றில் மின்தூக்கி பழுதாகி விடுகிறது. பத்தாவது மாடியில் முழங்கால் வலியோடு ஒரு பாட்டி. பராமரிப்புக் கட்டணம் ஒழுங்காக வசூலாவதில்லை. நிர்வாகக் குழுவிடம் பணம் இல்லை. குடியிருப்பாளர்கள் அடுத்துப் போய் நிற்கும் இடம் நாடாளுமன்ற உறுப்பினரின் சேவை மையம். அங்கே உதவி கிடைப்பது, அந்தத் தொகுதிக்கு அரசாங்கம் தரும் மேம்பாட்டு ஒதுக்கீட்டைப் பொறுத்தது.

அந்தப் பணம் எப்படிப் பங்கிடப்படுகிறது? மலேசியாவில் நெடுங்காலமாக இதற்கென்று தனிச் சட்டம் இல்லாமல், அன்றன்றைய அரசாங்கத்தின் முடிவே விதியாக இருந்து வந்துள்ளது. 2018 ஆட்சி மாற்றத்திற்குப் பின் எதிர்க்கட்சி உறுப்பினர்களுக்கும் ஒதுக்கீடு கிடைத்தது. ஆனால் ஆளுங்கட்சியினருக்குக் கிடைத்ததைவிடக் குறைவு. 2021 செப்டம்பர் 13-ஆம் நாள் அரசாங்கமும் பக்காத்தான் ஹராப்பானும் புரிந்துணர்வு ஒப்பந்தம் செய்துகொண்ட பிறகே அக்கூட்டணியின் உறுப்பினர்களுக்குச் சம ஒதுக்கீடு வந்தது. 2024-இல் இன்றைய எதிர்க்கட்சியுடன் நடந்த பேச்சு உடன்பாட்டில் முடியவில்லை. ஆக, இது உரிமையாக அன்றி, பேரம் பேசிப் பெறும் சலுகையாகவே இருக்கிறது. பாட்டி எந்தக் கட்சிக்கு ஓட்டுப் போட்டிருந்தாலும், கடையில் அவர் கட்டும் விற்பனை வரி ஒன்றுதானே?

சரி, எல்லாத் தொகுதிகளுக்கும் ஒரே தொகை கொடுத்துவிட்டால் போதுமா? போதாது. 2022 பொதுத்தேர்தலில் சிலாங்கூர், பாங்கி தொகுதியில் 303,430 வாக்காளர்கள். சரவாக், ஈகான் தொகுதியில் 28,290 பேர். இரண்டுக்கும் பத்து லட்சம் வெள்ளி என்று வைத்துக்கொள்வோம். ஈகானில் தலைக்கு ஏறக்குறைய 35 வெள்ளி 35 சென். பாங்கியில் 3 வெள்ளி 30 சென். பத்து மடங்குக்கும் மேல் வேறுபாடு!

அதற்காகத் தலையை மட்டும் எண்ணிப் பங்கிடவும் கூடாது. ஆறும் காடும் சூழ்ந்த உட்பகுதியில் ஒரு பாலம் போட ஆகும் செலவு வேறு. எனவே மக்கள்தொகை, வறுமை, நிலப்பரப்பு ஆகிய மூன்றையும் சேர்த்துக் கணக்கிடும் வாய்பாடு ஒன்று வேண்டும். அது சட்டமாக வேண்டும். எந்தத் திட்டத்திற்கு எவ்வளவு செலவானது என்பதும் பொதுமக்கள் பார்வைக்கு வர வேண்டும்.

இது நம் சமூகத்தை நேரடியாகத் தொடும் விஷயம். 2020 கணக்கெடுப்பின்படி நாட்டு மக்களில் 75.1 விழுக்காட்டினர் நகரவாசிகள். தோட்டங்கள் துண்டாடப்பட்டபோது பட்டணம் வந்த நம்மவர்கள் பலர் இத்தகைய அடுக்குமாடிகளில்தான் வாழ்கிறார்கள்.

ஆகவே, சேவை மையத்திற்குப் போகும் குடியிருப்பாளர்கள் கோரிக்கையை எழுத்து மூலம் கொடுக்கட்டும். இவ்வாண்டு ஒதுக்கீடு எவ்வளவு, எதற்குச் செலவானது என்றும் கேட்கட்டும். கேட்பது பிச்சை அல்ல. அது மக்கள் கட்டிய வரிப்பணம்.