பரிசோதனைக்கும் சான்று வேண்டும்

மருத்துவச் செலவுக்காக நிரந்தர வைப்பை முதிர்வுக்கு முன்பே முடித்துக்கொள்ள வரும் வாடிக்கையாளர்களைப் போபோடியில் அடிக்கடி காண்கிறோம். அச்செலவில் ஆய்வகக் கட்டணமும் அடங்கும். ஒரு பரிசோதனை தேவைதானா என்பதை ஆய்வுச் சான்றுகளைக் கொண்டும் மதிப்பிடுவது சான்றுசார் மருத்துவத்தின் வழி.

காசநோயைக் கண்டறிய இரத்தத்தில் எதிர்ப்பொருள்களைத் தேடும் பரிசோதனை, நம் நாட்டின் தனியார் ஆய்வகங்களில் ஆண்டுக்குச் சுமார் 15 லட்சம் முறை செய்யப்பட்டதாக மதிப்பிடப்பட்டது. 94 ஆய்வுகளைப் பரிசீலித்த உலக சுகாதார நிறுவனம், அதைப் பயன்படுத்த வேண்டாமென 2011 ஜூலையில் அறிவித்தது. நோயுள்ளவர் பலருக்கு இல்லையென்றும், இல்லாதவர் பலருக்கு உண்டென்றும் அது காட்டியது. முன்னவர் சிகிச்சையின்றி வீட்டாருக்கும் நோயைப் பரப்புவார். பின்னவர் மாதக்கணக்கில் வேண்டாத மருந்தை உட்கொள்வார். 2012 ஜூனில் இந்திய அரசு அதன் தயாரிப்பையும் இறக்குமதியையும் விற்பனையையும் தடை செய்தது.

நூற்றுக்குத் தொண்ணூறு சரியாக இருந்தால் போதாதா என்று தோன்றலாம். 1,000 பேரில் 10 பேருக்கு நோய் இருப்பதாகக் கொள்வோம். அத்தகைய பரிசோதனை அவர்களுள் 9 பேரைக் கண்டுபிடிக்கும். நலமாயுள்ள 990 பேரில் 99 பேரையும் நோயாளிகள் என்னும். தான் தள்ளும் நோட்டுகளில் பெரும்பாலானவை நல்ல நோட்டுகளாயின், அந்த இயந்திரத்தை எந்தக் காசாளர் நம்புவார்? அறிகுறி உள்ளவர்க்கு மட்டும் செய்தால் இவ்விகிதம் வெகுவாக மேம்படும்.

எனவே, முடிவு எதுவாயினும் சிகிச்சை மாறுமா என்று மருத்துவரிடம் கேட்பதில் தவறில்லை. இருமல் இரண்டு வாரங்களுக்கு மேல் நீடித்தால், அரசு மருத்துவமனையில் சளிப் பரிசோதனை இலவசமாகவே செய்யப்படுகிறது.